வழிமொழிய ஆளில்லை

அன்புள்ள சிக்னே அக்காவுக்கு,

தங்கை தோரா எழுதுவது. அரிசோனா வெயில் உன்னையும் அத்தானையும் அதிகம் வாட்டாது என்று நம்புகிறேன். இங்கே மினசோட்டாவில் பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை.

நம் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் புதன்கிழமைதோறும் எல்லோரும் உட்கார்ந்து சூப் சாப்பிடுவோமே, அதற்குப் பாத்திரம் கழுவ ஆள் குறைந்துபோனதால் சபை ஒரு மூவர் குழு போட்டது. தலைவி வெர்னா, சோளப் பண்ணையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருக்கும் ஆர்வில், நான். இனி டப்பாவில் ஊற்றி வாசலிலேயே கொடுத்து அனுப்பிவிடலாம் என்றாள் வெர்னா. ஆர்விலின் தலை ஆடியது. தூக்கத்தில்தான், ஆனால் வெர்னா அதை வாக்காகக் குறித்துக்கொண்டாள். நான் மட்டும் மறுத்தேன். என்னவர் லெய்ஃப் இறந்த பிறகு, எதிரே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிடுவது வாரத்தில் அந்த ஒரு வேளைதான் அக்கா. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இப்படித் தோற்றவர்களுக்கும் சபை விதிகளில் ஒரு வழி இருக்கிறது. குழுவின் அறிக்கை என்பது பெரும்பான்மையின் அறிக்கைதான்; உடன்படாதவர்கள், சபை அனுமதித்தால், அதன் பிறகு தங்கள் கருத்தை வாசிக்கலாம். "கீழே கையெழுத்திட்டுள்ள சிறுபான்மையினராகிய நாங்கள்" என்று தொடங்குவது மரபு. நானும் அப்படியே தொடங்கினேன். வெர்னா எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா தோரா, 'நாங்க'ன்னா யாரு? நீயும் உன் பூனையுமா?"

"மரபு அப்படி."

"பூனையையும் கையெழுத்துப் போடச் சொல்லு. பலம் ரெண்டாகும்."

சபைத் தலைவர் ஹார்லன், நான் வாசிக்க யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நம் ஊரில் சத்தமாக ஆட்சேபிப்பதைவிடச் செத்துப்போவது மரியாதை; அனுமதி கிடைத்தது. குழுவுக்குள் நடந்ததைச் சபையில் சொல்லக் கூடாது என்பது விதி, ஆகவே ஆர்வில் தூங்கியதைச் சொல்ல முடியவில்லை. எனக்குள் நடப்பதைச் சொல்ல எந்த விதியும் தடையில்லை, அதையும் சொல்லவில்லை. டப்பா ஒழுகும், சூப் ஆறிவிடும், குப்பை சேரும் என்றுதான் வாசித்தேன். கை தட்டினார்கள். "எவ்வளவு தெளிவா வாசிக்கிறே!" என்றாள் ஒருத்தி. ஹார்லன் நன்றி சொன்னார், தகவலுக்காகக் கேட்டுக்கொண்டோம் என்றார். அவ்வளவுதான். யாராவது முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால்தான் என் கருத்து குழுவின் பரிந்துரைக்குப் பதிலாக வாக்குக்கு வரும். யாரும் எழவில்லை. நானே முன்மொழிந்தேன். "வழிமொழிபவர் உண்டா?" என்றார் ஹார்லன். நம்மவர்கள் தட்டில் இருக்கும் கடைசித் துண்டு கேக்கை எடுக்கிறவர்களா? பாதி வெட்டுவார்கள், அந்தப் பாதியில் பாதி வெட்டுவார்கள், கடைசி விள்ளல் தட்டிலேயே காயும். என் தீர்மானமும் அப்படியே காய்ந்தது.

வெளியே கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

"கையத் தூக்கலாம்னுதான் இருந்தேன் தோரா. வேற யாருக்காவது ஆசையா இருக்கும், நாம ஏன் முந்திக்கணும்னு விட்டுட்டேன்."

மூன்று பேர் இதையே சொன்னார்கள் அக்கா. மூன்று பேர்!

நேற்றுதான் முதல் டப்பாப் புதன். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போக மனமில்லாமல் காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். தலை நிமிர்ந்தால், ஒரு வண்டியும் கிளம்பவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், மடியில் ஒரு டப்பா. யாரும் யாரையும் பார்க்காத மாதிரி, எல்லோரும் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். வீட்டை விற்றுவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன். அந்தப் பின்னறையை ஒழித்து வை.

அத்தானுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உண்ணும் நாட்களைக் கர்த்தர் நிறையக் கொடுக்கட்டும்.

உன் தங்கை,
தோரா

பின்குறிப்பு: பனிப்புயலில் ஒரு வாரமாகத் தபால்காரர் வரவில்லை, இந்தக் கடிதம் இங்கேயே கிடக்கிறது. அதற்குள் அடுத்த புதன் வந்துவிட்டது. ஆர்வில் டப்பாவோடு என் கார்க் கண்ணாடியைத் தட்டினார். "என் வண்டியில ஹீட்டர் சரியில்லம்மா." பொய், அவர் வண்டிக் கண்ணாடியெல்லாம் உள்ளே இருந்த சூட்டில் வேர்த்திருந்தது. சற்று நேரத்தில் பின்கதவு திறந்தது: வெர்னா. "இங்க என்ன, குழுக் கூட்டமா? தலைவிக்குத் தகவல் சொல்ல வேணாமா?" ஆர்வில் முழு விழிப்போடு, "தோரா சொன்னத அடுத்த கூட்டத்துல மறுபடி கொண்டுவரட்டும். நான் வழிமொழியறேன்" என்றார். "கார்ல பேசினது செல்லாது" என்றாள் வெர்னா. "செல்லாதுன்னா எறங்கு" என்றார் ஆர்வில். "சாப்பிட்டுட்டு எறங்கறேன், கதவச் சாத்து, குளிருது." அவள் இறங்கவில்லை. பின்னறையை ஒழிக்காதே அக்கா.