கோட்டையைப் பார்த்த டாங்கி

செங்கல்வராயன் சபதம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. "அந்த அசோக் ஊட்டு வாசப்படிய இந்தக் கால் மிதிக்காது!" சும்மா வீட்டுக்குள் உட்கார்ந்து போட்ட சபதமில்லை. கள்ளிக்குப்பத்தில் தன் தெருவின் நடுவில் நின்று, பால் பாக்கெட் வாங்க வந்த ஜனமெல்லாம் கேட்கும்படி போட்டார். அசோக் வேறு யாருமில்லை, மனைவி அனுசுயாவின் தம்பி. உலகத்தில் சபதம் போட எத்தனையோ பேர் இருக்க, பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன்மேல் போடுகிறவனை என்ன சொல்வது? தன் சோற்றில் தானே மண் போட்டுக்கொள்கிற ஜாதி.

சபதத்துக்குக் காரணம் ஒரு வீடியோ கேம். சிரிக்காதீர்கள், அவருக்கு அது மானப் பிரச்சினை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே பள்ளிக்கூடத்துப் பையனாய் இருந்த அசோக், டி.வி.யில் டாங்கி கேம் ஆடிக்கொண்டிருந்தான். நம் பக்கம் ஒரு மஞ்சள் டாங்கி, சுற்றிலும் செங்கல் சுவர், கீழே நடுவில் கொடி வைத்த கோட்டை. எதிரி டாங்கிகள் அந்தக் கோட்டையைச் சுடாமல் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். "குடுடா, நான் காட்டறேன்" என்று புது மாப்பிள்ளை பிடுங்கினார். சொந்தக்காரர்கள் இருபது பேர் முறுக்கு கடித்தபடி பார்த்துக்கொண்டிருக்க, முதல் குண்டிலேயே தன் கோட்டையைத் தானே சுட்டார். ஆட்டம் குளோஸ். எதிரி அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தான்.

அதோடு போயிருந்தால் அவரும் மறந்திருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வரவேற்பில், கச்சேரிக்காரர்களின் மைக்கைப் பிடித்து அசோக் இந்தக் கதையை நானூறு பேருக்குச் சொன்னான். மண்டபமே சிரித்தது. சாம்பார் ஊற்றுகிறவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். செங்கல்வராயன் எழுந்து வந்துவிட்டார். மறுநாள் காலையில்தான் அந்தச் சபதம்.

இப்போது அசோக் திருநின்றவூரில் வீடு கட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம்.

அனுசுயாவுக்கு ஒரு வருஷமாய் மணிப் பைத்தியம். கோர்க்கிற மணி இல்லை. ஜவ்வரிசி அளவுக்குக் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் குழல்கள். முள் முள்ளாய் இருக்கிற பலகையில், முள்ளுக்கு ஒன்றாய்ச் செருகிப் படம் பண்ண வேண்டும். மேலே பட்டர் பேப்பர் போட்டு இஸ்திரி தேய்த்தால், எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டு ஒரே வில்லையாகிவிடும். தேய்க்கிறவரைக்கும் எதுவும் ஒட்டாது, தும்மினால் போச்சு. தம்பியின் புது வீட்டுக்கு அந்த டாங்கி கேமையே மணியில் செய்து தரப்போவதாய்ச் சொன்னாள்.

"வேற படமே கெடக்கலியா உனக்கு?" என்றார் செங்கல்வராயன்.

"அவனுக்கு அதானே புடிக்கும்."

"இதெல்லாம் ஒரு வேலையா? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல நான் லேத்து ஃபோர்மேன். மயிரிழை பிசகுனா தூக்கிக் கடாசிடுவேன். நான் ஒக்காந்தா ஒரு மணி நேரத்துல முடிப்பேன் இத."

"முடிப்பீங்க, முடிப்பீங்க."

"நான் வரமாட்டேன். நீ ரோஷினியக் கூட்டிகினு போய்ட்டு வா."

"உங்கள யாரு இப்ப கூப்ட்டாங்க?" என்றாள் அனுசுயா, தலை நிமிராமல். மகள் ரோஷினி கூட ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. அதுதான் அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. செங்கல்வராயன் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். பராமரிப்பு என்று சொல்லி ஐந்து மணிவரை கரண்டு கிடையாது. வீட்டில் யாருமில்லை. இருட்டும் புழுக்கமுமாய் இருந்தது. கல்யாணமான நாளாய்ச் செய்கிற மாதிரி, செருப்பைக் கழற்றிக்கொண்டே சாப்பாட்டுப் பையைக் கதவோரத்து ஸ்டூலின்மேல் வீசினார்.

சலசலவென்று ஒரு சத்தம். ஸ்டூலின்மேல் செய்தித்தாள், அதற்கடியில் பலகை, பலகைமேல் எண்ணூற்றுச் சொச்சம் மணி. எல்லாம் இப்போது தரையில். போன் அடித்தது.

"இன்னாங்க, ஊட்டுக்கு வந்துட்டீங்களா?"

"வந்துகீறேன்."

"நானும் ரோஷினியும் டைலர் கடைல கீறோம். வர அஞ்சு மணி ஆவும். ஸ்டூல் மேல பலகை கீது, பாத்துக்கங்க. இன்னும் தேய்க்கல."

"பாத்துகினுதான் கீறேன்."

"காத்து கூடப் படக்கூடாது."

"காத்து படல," என்றார். அது உண்மைதான்.

போனை வைத்ததும் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்வது? ஒரு வருஷமாய்க் கேலி பேசிய வாய். அசோக் மேலிருக்கிற கோபத்தில் வேண்டுமென்றே தட்டிவிட்டதாய் அவள் நினைத்துவிட்டால்? அதை நினைத்தபோது மனுஷனுக்கு நிஜமாகவே காது மடல் சுட்டது. கோபம் இருந்தது, வாஸ்தவம். ஆனால் பெண்டாட்டி கண் நோகச் செய்ததைக் கொட்டுகிற அளவுக்கு அவர் கேவலமானவர் இல்லை. அதை நிரூபிக்கத்தான் வழியில்லை.

அலமாரியில் அவள் வரைந்து வைத்த கட்டம் போட்ட காகிதம் இருந்தது. எந்தக் கட்டத்தில் எந்தக் கலர் என்று எல்லாம் போட்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். ஃபிரிஜ்ஜுக்கு அடியில் நாற்பது, செருப்புக்குள் ஒன்பது என்று மணிகளைப் பொறுக்கினார். மயிரிழை பிசகாத ஃபோர்மேன் விரலுக்கு அந்த மணி சிக்கினால்தானே! ஒன்றை வைத்தால் பக்கத்தில் இரண்டு விழுந்தது. கடைசியில் அனுசுயா புருவம் திருத்துகிற இடுக்கியை எடுத்துக்கொண்டார். முதல் வரிசைக்கே கால் மணி நேரம், போகப் போகத்தான் கை பழகியது. வியர்வை மூக்கு நுனியில் நின்றது. துடைக்கப் பயந்து, அப்படியே விட்டார். "இத்த போய் வேலையான்னு கேட்டனே, பாவி" என்று வாய்விட்டே சொன்னார்.

நாலேகாலுக்குப் படம் முடிந்தது. தேய்க்கக் கரண்டு இல்லை. அனுசுயா ஐந்துக்கு வந்துவிடுவாள். தெருமுனையில் அங்கம்மாவின் இஸ்திரி வண்டி. கரிப் பெட்டிக்குக் கரண்டு எதற்கு? பலகையைத் தாம்பாளத்தில் வைத்து, மூச்சைப் பிடித்து, அடிமேல் அடி வைத்துத் தெருவில் இறங்கினார்.

எதிர்வீட்டு லோகநாதன் பார்த்துவிட்டார். தாம்பாளத்தைக் கண்டதும் செருப்பை வேறு கழற்றினார். "இன்னா தலைவரே, வரிசைத் தட்டா? யாருக்கு?"

தட்டு ஆடிவிடக் கூடாதே என்ற கவலையில் செங்கல்வராயனுக்கு உண்மை நழுவிவிட்டது. "மச்சானுக்கு."

"அசோக்குக்கா! ராசியாய்ட்டீங்களா? நடுத்தெருவுல நின்னு அன்னிக்கு அந்தக் கத்து கத்துனீங்க!"

"கொஞ்சம் தள்ளி நின்னு பேசுய்யா, மூச்சுக்காத்து படுது."

"அடியே, கேட்டியா!" என்று லோகநாதன் உள்ளே ஓடினார். இனி தெருவுக்கே செய்திதான். செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

அங்கம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா அண்ணாத்தே, கலர் பூந்தி கொண்டாந்துகீற?"

"பூந்தி இல்ல தாயி, படம். இந்த பட்டர் பேப்பர மேல போட்டு மெதுவா தேய்ச்சிக் குடு. யாருகிட்டயும் சொல்லாத."

"நான் எதுக்கு சொல்றேன்? அதான் லோகநாதன் அண்ணன் சொல்லிகினு கீறாரே." கரியின் மேல் சாம்பல் பூக்கும்வரை காத்திருந்து, குழந்தை முதுகைத் தடவுகிற மாதிரி தேய்த்தாள். படம் ஒட்டிக்கொண்டது. செங்கல்வராயனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அனுசுயா வந்ததும் அவரே பெருமையாய் நீட்டினார். "உனக்கு எதுக்கு சிரமம்னு நானே தேய்ச்சி வெச்சிட்டேன்."

"அட! பரவாயில்லியே!" அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னாங்க, இந்த மஞ்ச டாங்கி இன்னாத்துக்கு நம்ம கோட்டையவே குறி பாத்துகினு கீது?"

அவர் எட்டிப் பார்த்தார். சிவசிவா! கடைசியாய் டாங்கியை வைக்கும்போது அவசரத்தில் காகிதத்தைத் தலைகீழாய்ப் பிடித்திருக்கிறார். டாங்கியின் துப்பாக்கி நேராகக் கோட்டையின் கொடியைப் பார்த்து நின்றது. இருபத்து மூன்று வருஷத்து மானக்கேடு. இந்தத் தடவை தன் கையாலேயே, உருக்கி ஒட்டி, அழியாதபடி.

"கொட்டிட்டேன், அனுசுயா," என்றார். "பைய வீசினேன், எல்லாம் கொட்டிடிச்சி. சத்தியமா வேணும்னு செய்யல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சி. நான்தான் ஒக்காந்து வெச்சேன். அதுவும் தப்பா வெச்சிகீறேன்."

அனுசுயா திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "சரி உடுங்க. ஆனா இத்த எடுத்துகினு போய் நான் எப்பிடிக் குடுப்பேன்? அக்கா கிண்டல் பண்ணுதுன்னு தம்பி நெனச்சிக்க மாட்டானா? தப்பு பண்ணவங்கதான் வந்து எடுத்துச் சொல்லிக் குடுக்கணும்."

"நான் சபதம்..."

"தெருவே வரிசைத் தட்டுன்னு பேசிகினு கீது. இப்ப போவலன்னாதான் அசிங்கம்."

மறுநாள் காலை மின்சார ரயிலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போனார். நெமிலிச்சேரி தாண்டும்போது இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு யோசனை. அனுசுயா கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

திருநின்றவூரில் வாழைமரம் கட்டிய வாசல். செங்கல்வராயன் வலது காலைத் தூக்கினார், வைத்தார். பூமி ஒன்றும் பிளக்கவில்லை. அசோக் ஓடி வந்தான். அவர் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு படத்தை நீட்டினார்.

அசோக் பார்த்தான். மஞ்சள் டாங்கியைப் பார்த்தான், கோட்டையைப் பார்த்தான். பிறகு அப்படிச் சிரித்தான், ஹோமப் புகைக்கு இருமிக்கொண்டிருந்த ஐயரே திரும்பிப் பார்த்தார்.

"மாமா! உங்கள நீங்களே கலாய்ச்சிகினு வந்துகீறீங்களா! என்னா மனசு மாமா உங்களுக்கு!" என்று கட்டிக்கொண்டான். சிரிப்பு பாதியில் அழுகையாய்விட்டது. "அன்னிக்கு மைக்குல நான் பேசுனது தப்பு மாமா. மூணு வருசமா உறுத்திகினே கீது. மன்னிச்சிடுங்க."

"அட, உடுடா, உடு," என்றார் செங்கல்வராயன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஒரு பக்கம் தப்பித்த நிம்மதி, ஒரு பக்கம் இவனையா மூன்று வருஷம் ஒதுக்கி வைத்தோம் என்கிற வெட்கம். பேச்சை மாற்ற, "எங்க மாட்டப் போற? நல்ல ஆணியா அடிச்சி மாட்டு" என்றார்.

"ஆணியெல்லாம் அப்பவே அடிச்சாச்சி மாமா," என்றான் அசோக். "அக்கா பத்து நாளைக்கு முன்னாடியே போன்ல சொல்லிடிச்சே, உங்க மாமா தன் கையாலயே டாங்கி செஞ்சி எடுத்துகினு வராருன்னு."

பத்து நாள். செங்கல்வராயன் மெல்லத் திரும்பி அனுசுயாவைப் பார்த்தார். அவள் யாருக்கோ சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பலகை கொட்டினது நேற்று மத்தியானம்.