ஹலோ அக்கா தேடிய ஜாடி

ஆரணியில் எந்தச் சாமான் எந்தக் கடையில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது கடைக்காரருக்கே மறந்து போனாலும் ஹலோ அக்காவுக்கு மறக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அவளும் ஆரணி டெலிபோன் ஆபீசில் டிரங்க் கால் ஆபரேட்டர்கள். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். அவளுக்கு ஊர் முழுக்கக் குரலாகவும் நம்பராகவும்தான் பழக்கம். ஒருமுறை வளையல் கடைக்குப் போனோம். "வாங்கம்மா" என்று கடைக்காரர் சொன்னதுதான் தாமதம், "நீங்க டூ ஒன் செவன் தானே? சளி எப்டி இருக்குது?" என்றாள். அந்த மனிதர் வளையலை விட்டுவிட்டுத் தன் டெலிபோனைத் திரும்பிப் பார்த்தார்.

ஆபீசில் கல்யாணம், காதுகுத்து, மாறுதல் எதுவானாலும் பரிசு வாங்குவது அவள் பொறுப்பு. யாரும் கொடுத்ததல்ல, அவளே எடுத்துக்கொண்டது. சுவர்க் கடிகாரம் வாங்கலாம் என்று யாராவது சொல்லிவிட்டால், "மணி பாக்கத் தெரியாமலா அவங்க முகூர்த்தம் குறிச்சாங்க?" என்று கேட்பாள். லைன்மேன் ஒருவர் மகளுக்கு இட்லிப் பானை வாங்க ஒன்பது கடை ஏறினோம். எட்டாவது கடையிலேயே வாங்கியாயிற்று. ஒன்பதாவது, வாங்கியது சரிதானா என்று பார்ப்பதற்கு.

இப்படியிருக்கும்போது எங்கள் அதிகாரிக்கு மாறுதல் வந்தது, அதுவும் சொந்த ஊருக்கே. தெற்கே கடலோரத்துக்காரர். குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு மூன்று வருடமாக இங்கே தனியாக இருந்தார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆபரேட்டர்கள் பிறர் பேச்சை ஒட்டுக் கேட்டால் வேலை போய்விடும் என்று சுற்றறிக்கை போட்டு, சுவரில் ஒட்டி, எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவர். அக்காவுக்கு இரண்டு மெமோ கொடுத்தவரும் அவரே. ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடலாம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

"அதெல்லாம் முடியாது" என்றாள் அக்கா. "அவருக்கு ஜாடி வாங்கணும். வெள்ளப் பீங்கான் ஜாடி. ரெண்டு பக்கமும் காது இருக்கணும், கழுத்துல பச்சக் கோடு போவணும்."

மாடிப்படியில் என்னிடம் மட்டும் காரணத்தைச் சொன்னாள். அதிகாரி ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்குப் பேசுவார். லைன் அறுந்துவிட்டதா என்று ஆபரேட்டர் நடுநடுவே பார்த்தாக வேண்டும். எப்போது பார்த்தாலும் அவர் மனைவி, தன் அம்மா கொடுத்த ஜாடியை அவர் உடைத்துவிட்டதைச் சொல்லிக்கொண்டிருப்பாராம். எப்படிப்பட்ட ஜாடி என்பதையும் சேர்த்துத்தான். இவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாராம். மூன்று வருடமாக.

"அக்கா, அதையே வாங்கிக் குடுத்தா நீ கேட்டுகினு இருந்தது தெரிஞ்சிபூடும். வேலைக்கே வேட்டு."

"அந்த மனுசன் இப்ப வூட்டுக்குப் போறாருடி. வெறுங்கையோட போனா இனிமே தெனமும் நேர்லயே கேக்கணும். நீ வரியா, நான் மட்டும் போவட்டா?"

போனேன். பத்து நாள், சாப்பாட்டு இடைவேளையெல்லாம் கடைத்தெருவில்தான். எங்கும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும்தான் இருந்தன. ஒரு கடைக்காரர் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, "பச்சக் கோடு தானேம்மா கேட்டீங்க? இதுல மூடியே பச்ச" என்றார். தெரிந்த பட்டுக் கடைக்காரர் ஒருவர் எங்களை வழிமறித்தார்.

"ஆரணிய வுட்டுப் போற ஆபீசருக்குப் பட்டுப் புடவ குடுக்காம ஜாடி குடுப்பாங்களாம்மா?"

"அவர் பட்ட ஒடச்சிருந்தா பட்டு வாங்கியிருப்பேங்க" என்று சொல்லிவிட்டு அக்கா நடந்தாள்.

பதினோராம் நாள், ஒரு நாட்டு மருந்துக் கடையின் மேல் தட்டில் அது இருந்தது. இரண்டு காது, பச்சைக் கோடு, எல்லாம் சரி.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா" என்றார் கடைக்காரர். "உள்ள லேகியம் இருக்குது."

"வேற எதுலனா மாத்தி வையுங்களேன்."

"எங்கப்பா காலத்துலர்ந்து அதுல தான் வெக்கிறோம். லேகியம் தீந்தா ஜாடிய எடுத்துகினு போங்க. ஆனா தீராது."

"இன்னாத்துக்கு லேகியம்?"

"பசி எடுக்கறதுக்கு."

அக்கா ஒரு நிமிடம் யோசித்தாள். "மொத்தத்தையும் கட்டுங்க."

அடுத்த பத்து நாள் எங்கள் ஆபீசே லேகியம் சாப்பிட்டது. காலையும் மாலையும் அக்கா உருட்டிக்கொண்டு வந்து நிற்பாள். வேண்டாமென்று யாரும் தப்ப முடியாது. லைன்மேன்கள் பதினொரு மணிக்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ஒரு மணிக்கு மறுபடி மெஸ்ஸுக்குப் போனார்கள். மெஸ்காரர் எங்கள் ஆபீசுக்கே வந்து, "உங்க ஆளுங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று விசாரித்தார். அக்கா அவருக்கும் ஓர் உருண்டை கொடுத்தாள்.

பிரிவு உபசார விழாவில் அதிகாரி பொட்டலத்தைப் பிரித்தார். ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"இதை வாங்கினது யாரு?"

அக்கா எழுந்து நின்றாள்.

"இதை வாங்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"எல்லார் வூட்லயும் எதுனா ஒண்ணு ஒடஞ்சிகினு தான் சார் இருக்குது."

அவர் அவளையே பார்த்தார். சுற்றறிக்கை அவர் தலைக்கு மேல் சுவரில்தான் இருந்தது. பிறகு மெல்ல, "நானும் மூணு வருஷமா தேடுதேன்" என்றார். "மெட்ராஸ்ல கூட கிடைக்கல. நீங்க எங்க புடிச்சீங்க?"

"நாட்டு மருந்துக் கடையில சார்."

அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தோம். பஸ்ஸில் ஜாடியை மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் மறுத்துவிட்டு, மடியிலேயே வைத்துக்கொண்டு ஊர் போனார்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஊரிலிருந்து ஒரு கால். நான்தான் எடுத்தேன். "ஜாடி வாங்கின பிள்ள இருக்காளா?" என்றது ஒரு பெண் குரல். அக்காவுக்கு இணைத்துவிட்டேன். இருவரும் வெகுநேரம் பேசினார்கள். லைன் இருக்கிறதா என்று நான் நடுவில் பார்க்கவில்லை.

நேரடியாக நம்பர் சுழற்றும் வசதி வந்ததும் நாங்கள் கால் இணைக்கும் போர்டை எடுத்துவிட்டார்கள். அக்கா வேலூர் ஆபீசுக்குப் போனாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது. யாருக்காவது ஏதாவது வாங்கப் போனால், கடை வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். வாங்க வேண்டியது ஒன்றும் இல்லாத நாட்களிலும் கூப்பிடுகிறேன்.