முச்சந்தியில் வட்டம் போட்ட நைனா

அம்பத்தூரில் ஓடுகிற பஸ்ஸையே மிரட்டி வளைந்து போக வைத்தவர், எனக்குத் தெரிந்து, வட்டம் நைனா ஒருவர்தான். விசிலும் கிடையாது, காக்கிச் சட்டையும் கிடையாது. கையில் ஒரு படி கோலமாவு, அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் முச்சந்தி ஓரம் நான் கீரை விற்றேன். பக்கத்தில் பூக்காரி தாயம்மா. மூன்று ரோட்டிலிருந்தும் வண்டிகள் முட்டுகிற மாதிரி வரும். ஒரு நாள் லாரிச் சக்கரம் என் கூடைமேல் ஏறி, கீரை கடையாமலே மசியலாகிவிட்டது. தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிய நைனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடிந்தபோது நடுரோட்டில் முட்டிபோட்டுக் கோலமாவால் பெரிய வட்டம் போட்டிருந்தார். ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"இன்னா நைனா, மார்கழி கூட இல்லியே?" என்றாள் தாயம்மா.

"பிளான் மே! வண்டிங்கோ வட்டத்த சுத்திகினு போவணும். இந்தக் கட்டம் நீ குந்துற எடம். அது கீரைக்கார அம்மாது. ஒருத்தனும் உங்கள எயுப்பக் கூடாது."

முதல் பஸ் வந்தது. முச்சந்தியில் வெள்ளை வட்டத்தைப் பார்த்த டிரைவர், யாரோ திருஷ்டி கழித்துப் போட்டிருக்கிறார்கள் என்று பயந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு சுற்றிப் போனார். பின்னால் வந்த லாரியும் அப்படியே. மத்தியானத்துக்குள் வட்டத்தில் யாரோ எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்துவிட்டார்கள்.

"யோவ், இது பிளான்யா! பேயும் இல்ல, பிசாசும் இல்ல!" என்று நைனா பழங்களைப் பொறுக்கி எறிந்தார். கத்துகிற ஆளைப் பார்த்து ஜனங்கள் இன்னும் தள்ளி நடந்தார்கள்.

தினமும் மாவு போட்டார். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து பார்த்து, "நல்ல யோசனை, செஞ்சிடலாம்" என்றார். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் நைனா செலவில் டீ.

செய்தார்கள். வட்டம் வந்தது, நடுவில் நீரூற்று வந்தது. எங்கள் கட்டங்கள் இருந்த இடத்தில் ஈட்டி வைத்த இரும்பு வேலியும் குரோட்டன்ஸ் செடியும் வந்தன. குடிக்கிற தண்ணீரே லாரியில் வரும் ஊர். திறப்பு விழாவுக்கு லாரித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ரிப்பன் வெட்டுவதற்குள் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தோடு இறங்கி, தொட்டியை வழித்துவிட்டார்கள்.

அதோடு எங்களையும் விரட்டினார்கள். "இங்க குந்தாதீங்க, அழகு கெடுது."

"சார், இவங்களுக்குத்தான் சார் பிளானே!" என்று நைனா ஓடி வந்தார்.

"யார்யா நீ?"

நைனா திரும்பி நடந்தார்.

தாயம்மா மாங்காட்டுக் கோயில் பக்கம் போய்விட்டாள். நான் அண்ணனூர் ஸ்டேஷன் அருகே ஒரு சந்தில் உட்கார்ந்தேன். பாதிக் கீரை வாடித்தான் வீடு திரும்பும். நைனா அதற்கப்புறம் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் சந்துக்குள் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"ஒரு கட்டு குடும்மா."

மூன்று வேளையும் மெஸ்ஸில் சாப்பிடும் ஒண்டிக்கட்டை அவர்.

"கீரை எதுக்கு நைனா?"

"ஆட்டுக்கு."

"ஆடு ஏது?"

"வாங்கணும்" என்றார்.

ஆடு கடைசிவரை வரவில்லை. தினமும் கீரை மட்டும் போயிற்று. அந்த இல்லாத ஆட்டுக்கு, முற்றாத தண்டாகப் பார்த்து ஒரு கட்டை ஈரச்சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பேன். வேறு யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.