பக்கத்து சீற்றில் 'ம்' மிஸ்

ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே கதைக்க வைக்கக்கூடிய ஆள் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்தில் ஒருவர்தான். பாமன்கடையில் ஒரு மாடியறையில் கவுன்சலிங் செய்த மிஸ். சொந்தப் பெயர் இருக்கிறது, அதை விடுங்கள். எனக்கும் மகள் சிந்துவுக்கும் அவர் 'ம்' மிஸ். சம்மதத்துக்கு ஒரு 'ம்', சந்தேகத்துக்கு ஒரு 'ம்', பொய் சொன்னால் நீளமாக ஒரு 'ம்'.

என் மனைவி போய் அப்போது ஐந்து மாதம். "கடைசி நேரம் அம்மா என்னப்பா சொன்னவ?" என்று சிந்து கேட்கும்போதெல்லாம் நான் பேப்பரை விரித்துவிடுவேன். "என்னோடை கதைக்காட்டி ஆரோடையாவது கதையுங்கோ" என்று அவள்தான் மிஸ்ஸிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

மிஸ் எதிரே இருந்து கண்ணையே பார்த்தார். புது ஆளிடம் யாழ்ப்பாணத்து ஆக்கள் நாங்கள் முதலில் கேட்பதை நானும் கேட்டேன்.

"பிள்ளை எந்த ஊர்?"

"அது உங்களுக்கு ஏன் முக்கியம், ஐயா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சம்பந்தம் பேசவா கேட்டேன்? இரண்டு கிழமை நானும் பதிலுக்கு 'ம்' என்றேன். முக்கால் மணித்தியாலம் இரண்டு பேரும் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் கிழமை மிஸ் இறங்கி வந்தார். "அளவெட்டி. போதுமோ?"

"அளவெட்டியிலை எவடம்?"

"ஐயா!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் முகத்துக்கு நேரே துக்கம் சொல்ல எனக்கு வரவில்லை. "பஸ்ஸிலை பக்கத்து சீற்றுக்காரனெண்டால் எல்லாம் சொல்லிப்போடுவன்" என்றேன் பகிடியாக.

மிஸ் எழுந்து, இரண்டு கதிரைகளையும் யன்னலைப் பார்க்க அருகருகே இழுத்துப்போட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "யன்னல் கரை உங்களுக்கு. எங்கை போறீங்கள்?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் தேத்தண்ணி குடிக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மிஸ் ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் சோபாவில் சிந்துவைப் பக்கத்தில் இருத்தி, டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அம்மா கடைசியா என்ன சொன்னவ எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. நான் பக்கத்திலை இல்லை."

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் பேப்பரைத் தேடவில்லை.

இப்போது பஸ்ஸில் பக்கத்து சீற்றில் யாராவது மனம்விட்டுக் கதைத்தால் நானும் 'ம்' சொல்லிப் பார்க்கிறேன். எங்கள் மிஸ் சொல்வதைப்போல ஒருநாளும் வருவதில்லை.