நிரஞ்சனி பெயருக்கு வரும் பார்சல்

அம்பிட்டிய

அன்புத் தங்கை யசோதாவுக்கு அண்ணன் தியாகராஜா எழுதிக்கொள்வது. நீயும் மச்சானும் வத்தேகமவில் சுகமாயிருக்க முருகன் துணை நிற்பானாக. மச்சானுடைய முழங்கால் எப்படி? இங்கே நான் நலம். அப்படித்தானே எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன்.

விஷயம் என் சீமந்த புத்திரன் கஜேந்திரனைப் பற்றியது. கொழும்பில் அவன் நடத்தும் கம்பெனி உனக்குத் தெரியும். வெளிநாட்டுச் சனம் போனைத் தட்டினால் இங்கே கோயிலில் அர்ச்சனை நடக்கும், பிரசாதம் பார்சலில் போகும். ஊருக்கெல்லாம் சாமியை அனுப்புகிறவன் வீட்டில் ஒரு சாமி படம் கிடையாது. கேட்டா, "எனக்கு நம்பிக்கை இல்லப்பா, நம்புறவங்களுக்கு வசதி செஞ்சு குடுக்கிறேன்"ங்கிறான். சரி, அது அவன் பாடு. ஆனா கம்பெனி தொடங்கின அன்னைக்கு முதல் பேரா அம்மா பேரைத்தான் போட்டான். நிரஞ்சனி, ரேவதி நட்சத்திரம், நீண்ட ஆயுளுக்கு மாசாமாசம் அர்ச்சனை. அவளும் அந்தக் குங்குமத்தை வச்சுக்கிட்டு தெரு முழுக்க மகன் பெருமை பேசினா. இப்ப அவ போயிட்டா, பேரு போகல. வருசம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியிற வரைக்கும் நான் கோயில் வாசப்படி மிதிக்காம இருக்கேன், கோயிலு மாசாமாசம் என் வாசலுக்கு வருது, செத்தவளுக்கு ஆயுள் வேண்டிக்கிட்டு. பார்சல்காரர் சிங்களவர், நல்ல மனுசன், நோனா, அதான் வீட்டம்மா, கையெழுத்துப் போடணும்னார். நோனா இல்லைன்னேன். எப்ப வருவாங்கன்னு கேட்டார். அதுக்கு நான் என்னத்தச் சொல்ல யசோதா? நானே அவ பேரை எழுதி வாங்கிட்டேன். மாநகரசபையில வேலை பாத்த காலம் முழுக்க ஒரு கள்ளக் கையெழுத்துப் போடாதவன், இப்ப பெஞ்சாதி கையெழுத்துப் போட்டுப் பழகிட்டேன். பேரை எடுக்கச் சொல்லி கம்பெனிக்கே போன்ல கோல் எடுத்தேன். ஒரு பிள்ளை ரொம்ப மரியாதையா, "ஐயா, அந்த அம்மாவே பேசினாத்தான் நிப்பாட்டலாம்"னுச்சு. நான் முதலாளியோட அப்பான்னேன். நிறையப் பேர் அப்படித்தான் சொல்றாங்கன்னு வச்சிருச்சு. பிரசாதத்தைக் குப்பையில போட முடியுமா? பிஸ்கட் டின் நிறைஞ்சு இப்ப சீனி டின்னுலயும் பாதி. தேத்தண்ணியில திருநீறு வாசம் அடிக்குது.

கோவம் அதுக்கில்ல. ஊர்ல இருக்கிறவன் நட்சத்திரமெல்லாம் தெரிஞ்சவனுக்கு, தன் கையாலயே கொள்ளி வச்ச தாய் செத்தது மறந்துபோச்சே. எங்கிட்ட அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறதில்ல, மழையா வெயிலான்னு கேட்டுட்டு வச்சிர்றான். அத்தை சொன்னா கேப்பான். நீ கண்டிச்சு அந்தப் பேரை எடுக்க வை. வர்ற வெள்ளிக்கிழமை டின் ரெண்டையும் தூக்கிக்கிட்டு வர்றேன், ஆத்துல கரைச்சிட்டு உங்க வீட்டுல பகல் சாப்பிடுவோம்.

மச்சானைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நெடுங்காலம் சண்டை போட்டுக்கொண்டு வாழ வேண்டும்.

உன் அண்ணன்
தியாகராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போற நேரம் கஜேந்திரன் பெஞ்சாதி சஞ்சீவனி கோல் எடுத்தா. நான் கம்பெனிக்குப் பேசினது எப்படியோ தெரிஞ்சிருக்கு. "மாமா, அவர் மறக்கல. மாசாமாசம் அந்தப் பேரை எடுக்கத்தான் உக்கார்றார். இவங்க இல்லைன்னு ஒரு பட்டனை அமத்தணும். கை வருதில்ல, அழுதுட்டு எந்திரிச்சிர்றார்"னா. நீ அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. வெள்ளிக்கிழமை எனக்கு வரவும் ஏலாது. அன்னைக்குத்தான் பார்சல் வர்ற நாள். உன் அண்ணிக்கு வர்றதை வாங்க வீட்டுல ஆள் இருக்கணும்.