நாலாம் நம்பர் பீப்பாயும் உஷாவின் விமானச் சீட்டும்

ஒடாஹுஹு,
ஓக்லாந்து,
21.3.1986

அன்பும் பணிவும் நிறைந்த பெரியண்ணைக்கு, கடைசித் தங்கை வசந்தமலர் வணக்கம் கூறி எழுதுவது.

இங்கே நானும் இவரும் மகள் ரதியும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் உஷாவும் ஒரு குறையுமின்றி இருக்க நல்லூர்க் கந்தன் காவல் இருப்பான். மனத்தளவில் நான் எப்படி இருக்கிறேன் என்பது இனிமேல்தான் வருகிறது. தயவுசெய்து இருந்துகொண்டு வாசியுங்கள். மதுவிலக்குச் சபை ஆட்கள் யாராவது பக்கத்தில் இருந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு வாசியுங்கள்.

நம் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை யோகராணி இப்போது இங்கே பக்கத்து ஊரான மங்கரேயில் இருக்கிறா. போன ஞாயிறு பஜனைக்கு வந்தவ, வடையைக் கடித்துக்கொண்டே, "உம்மடை படம் பேப்பரிலை வந்ததெல்லே, அதை வெட்டி அம்மாவுக்கு அனுப்பிப் போட்டன். ஒரு மாசமாகுது. அம்மா உங்கடை பெரியண்ணையிட்டைக் கட்டாயம் காட்டியிருப்பா" என்றா. ஏதோ புண்ணியம் செய்த முகம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருந்தால் நான் விவரிக்கத் தேவையில்லை. பார்க்காவிட்டால் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்: மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை உடுத்த உங்கள் தங்கை, ஒரு மண்டபத்தின் நடுவில், தலையை அண்ணாந்து, ஒரு கிளாஸை அரை அடி உயரத்தில் பிடித்து, திறந்த வாய்க்குள் பியர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பின்னால் இவர், உங்கள் மச்சான் மகேசன், திருநீற்றுக் குறியோடு கைகட்டி நிற்கிறார்.

"குடிவாடை படாத வீடு என்றபடியால்தான் உஷாவை உன்னிடம் அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்று தை மாதம் நீங்கள் எழுதிய வரி எனக்கு மனப்பாடம். ஊர்க் கள்ளுத் தவறணையை இழுத்து மூட வைத்த உங்களுடைய மகள் அவள். படத்தைப் பார்த்ததும் நீங்கள் அவளுடைய விமானச் சீட்டைக் கிழித்துவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். பதினேழு வயதுப் பிள்ளை, ஆமி ஹெலிகொப்டர் வரும் சத்தம் கேட்டால் புத்தகத்தோடு பங்கருக்குள் இறங்கி அங்கேயிருந்து பாடம் படிக்கிறேன் என்று எழுதுகிறாள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவளை மட்டும் மறித்துவிடாதீர்கள்.

போன மாசத் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உஷாவின் விசாவுக்கு, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் இடம் உண்டென்று அதன் நிர்வாக சபைத் தலைவர் ஒப்பமிட்ட கடிதம் ஒன்று வேண்டியிருந்தது. திங்கட்கிழமைக்குள் குடிவரவுக் கந்தோரில் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம்தான். தலைவர் பெம்பர்டன் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர். வெள்ளிக்கிழமை டெலிபோன் எடுத்தால் அவருடைய மனைவி, "நாளைக்கு முழுக்க மவுண்ட் வெல்லிங்டனில் பியர் விழாவில் இருப்பார், ஞாயிறு படகில் மீன்பிடிக்கப் போய்விடுவார், பிடிப்பதென்றால் நாளைக்கே பிடியுங்கள்" என்றா. பியர் விழா! காரில் போகும்போது நானும் இவரும் ஒரு முடிவெடுத்தோம்: மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போவது, ஒப்பத்தை வாங்குவது, வெளியே வந்து மூச்சு விடுவது. அன்று காலை ஒரு கலியாண எழுத்துக்குப் போய் நேரே வந்தபடியால்தான் அந்தப் பட்டுச்சேலை.

உள்ளே போனதும் எனக்கு முதல் அதிர்ச்சி. சண்டை இல்லை, சத்தம் இல்லை, விழுந்து கிடப்பவர் ஒருவரும் இல்லை. கம்பளிச் சட்டை போட்ட வயசாளிகள் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூக்கருகே வைத்து மணந்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி யோசித்து, பென்சிலால் கொப்பியில் எழுதுகிறார்கள். நிறத்துக்கு இத்தனை, மணத்துக்கு இத்தனை, கசப்புக்கு இத்தனை. குடிக்கிறதுக்கும் மார்க்ஸ் போடுகிறார்கள் அண்ணை! மண்டபம் முழுக்க நனைந்த சாக்கும் சுட்ட பாணும் கலந்த மாதிரி ஒரு வாசம். பெம்பர்டன் எங்களைக் கண்டதும் மரப்பீப்பாய்களைக் கோயில் சுற்றிக் காட்டுவதுபோல் காட்டினார். இந்த நாட்டுப் பியர் காஸ் அடித்துக் குளிரவைத்த சோடாத் தண்ணியாம். இது இங்கிலாந்துப் பழைய முறையில் வடித்த 'ஏல்' என்கிற பியராம், காஸ் அடிக்கவே மாட்டார்களாம், பீப்பாய்க்குள் இன்னும் உயிரோடு பொங்கிக்கொண்டிருக்குமாம். உயிரோடிருக்கிற ஒன்றை மனிசர் குடிக்கிறார்களே என்று நான் நினைத்தேன்.

கடிதத்தை நீட்டினோம். "ஒப்பமிடுகிறேன், சந்தோஷமாக. ஆனால் முதலில் எங்கள் பீப்பாய்களுக்கான போட்டி முடியட்டும். ஒரு நடுவருக்குக் கால் வீங்கி வரவில்லை. ஐந்தாவது ஆள் இல்லாமல் தொடங்க முடியாது" என்று சொல்லிப் பெம்பர்டன் இவரைப் பார்த்தார். இவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நான் தீட்சை எடுத்த சைவன். ஆனால் என் மனைவி பேராதனையில் கெமிஸ்ற்றி படித்துப் பட்டம் எடுத்தவர்" என்றார். நான் இவரைப் பக்கத்தில் இழுத்தேன்.

"என்னப்பா சொல்லுறியள்?"

"சும்மா மணந்து பாத்தாச் சரி. லாபிலை அசிற்றையே மணந்தனீர்தானே."

"அசிற்றை ஆரும் குடிக்கச் சொல்லேல்லை."

"இஞ்சரும், உஷாவை நினையும்."

உஷாவை நினைத்துத்தான் அந்தக் கதிரையில் இருந்தேன். இரண்டாவது அதிர்ச்சி அங்கேதான். பீப்பாய்க்கு ஒரு கிளாஸ்தான், அதை ஐந்து பேரும் மாறி மாறிக் குடிக்க வேண்டுமாம். எனக்கு முன்னால் இருந்த யோர்க்ஷயர்க் கிழவர் தன் மீசையை அதற்குள் நனைத்து எடுத்துவிட்டு, மீசையில் நுரையோடு என்னிடம் நீட்டுகிறார். எச்சில் கிளாஸ்! பியரைவிட எனக்கு அதுதான் குமட்டியது. மணக்கிறது காணாது, நாக்கில் பட்டால்தான் மார்க்ஸ் என்று சட்டமும் சொன்னார்கள். நான் வேறென்ன செய்வேன்? நம்முடைய வீட்டில் செம்புத் தண்ணி குடிக்கிற மாதிரி, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றினேன்.

எல்லாரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று கிளாஸை வைத்தேன். கிழவர் எழும்பி நின்று, "கண்டீர்களா, காற்றுப் படவிட்டு ஊற்றுகிறா! அப்போதுதான் மணம் திறக்கும். நாற்பது வருடமாகக் குடிக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே!" என்றார். அடுத்த கிளாஸைத் தானும் அண்ணாந்து ஊற்றினார். பாதி மூக்குக்குள், மீதி கண்ணாடிக்குள். பிறகு அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை. கோட்டு நனைந்தவர்கள், புரைக்கேறி இருமுகிறவர்கள், ஒருவர் முதுகில் ஒருவர் அடிக்கிறார்கள். இந்தக் களேபரத்தில்தான் பேப்பர்க்காரன் படம் எடுத்தான். நனைந்து நிற்கிற எத்தனையோ பேர் இருக்க, அவனுக்கு நான்தான் கண்ணில் பட்டேன்.

மூன்றாம் நம்பர் வந்தது. பீப்பாய்களுக்கு நம்பர்தான், பேர் இல்லை. வாயில் விழுந்ததும் வினாகிரி. அசற்றிக் அமிலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வாத்தியார் வீட்டுப் பிள்ளை, பரீட்சைத் தாளுக்குப் பொய் மார்க்ஸ் போடத் தெரியாதே! "புளிச்சுப் போச்சு. குழாயைச் சரியாகக் கழுவவில்லை. பூச்சியம்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன். கிழவர் என் காதுக்குள், "அம்மணி, அது பெம்பர்டன் தன் கையால் வடித்த பீப்பாய்" என்றார். திரும்பிப் பார்த்தால் பெம்பர்டன் முகம் சிவந்து, பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, எழும்பிப் பீப்பாய்ப் பக்கம் போய்விட்டார். இவர் தலையில் கைவைத்தார். உஷாவின் ஒரு வருடத்தை ஒரு வாயில் துப்பிவிட்டேன் என்று நினைத்தேன். பொய் சொல்லியிருக்கலாமே வசந்தா, ஒரு பிள்ளைக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தப் பதற்றத்தில் நாலாம் நம்பர் கைக்கு வர, என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அதையும் ஊற்றினேன்.

அண்ணை, இனித்தான் மெய்யான அதிர்ச்சி. நாலாம் நம்பர் நல்லாயிருந்தது. கறுப்பாக, கோப்பி வறுத்த வாசத்தோடு, முடிவில் ஒரு சின்னக் கசப்போடு. நாக்கு இன்னொரு வாய் கேட்டது. மார்க்ஸ் போடுவதற்கு ஒரு வாய் போதும். நான் இரண்டாவது வாய் ஊற்றினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நாற்பத்து நாலு வருடமாக என்னை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சாமி கும்பிடும்போது அந்த இரண்டாவது வாய்தான் நினைவுக்கு வருகிறது. வெட்கமாக இருக்கிறது என்று எழுத வேண்டும். வெட்கத்தைவிட ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பெம்பர்டன் கால் மணி நேரம் கழித்து வந்தார். கையில் கழற்றிய குழாய். உள்ளே பச்சையாய்ப் பூஞ்சணம். "ஐந்து வருடமாக இவர்கள் என் முகத்துக்காகக் குடித்திருக்கிறார்கள். ஒருத்தரும் சொல்லவில்லை" என்று நண்பர்களை ஒரு பார்வை பார்த்தார். நண்பர்கள் கொப்பியைப் பார்த்தார்கள். பிறகு என்னிடம், "உங்கள் மருமகளும் இப்படித்தானா?" என்று கேட்டார். "அவள் என்னைவிட மோசம்" என்றேன். "அப்படிப்பட்ட பிள்ளைதான் எங்கள் பள்ளிக்கு வேண்டும்" என்று ஈரக் கையோடு ஒப்பம் வைத்தார். கடிதத்தில் கிளாஸ் அடி வட்டமாகப் பதிந்துவிட்டது. திங்கட்கிழமை குடிவரவுக் கந்தோர்ப் பெண் அதை மூக்கருகே கொண்டுபோய், இவருடைய திருநீற்றைப் பார்த்து, மறுபடி தாளை மணந்து, முத்திரை குத்தினா.

இவ்வளவுதான் அண்ணை. என்னைச் சபையின் மாதர் பகுதியிலிருந்து நீக்கினால் ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை, இருக்கவும் மாட்டாது. பிள்ளையை அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உஷாவுக்கு என் ஆசீர்வாதமும் ரதியின் முத்தங்களும். ரதியைத் தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் "லேட்டர், மம்" என்கிறாள். உங்கள் காலடியில் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கை வசந்தமலர்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தபாலில் உஷாவின் கடிதம் வந்தது. படம் முன்னமே உங்கள் கைக்கு வந்துவிட்டதாம். "அப்பா படத்தையும் அதற்குக் கீழேயிருந்த செய்தியையும் சபைக் கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டினவர், மாமி. வெள்ளைக்காரரின் தவறணைக்குள் துணிந்து போய் அவங்கடை பியரைப் பூச்சியம் என்று சொன்ன வீராங்கனை என்று உங்களுக்குப் பாராட்டுத் தீர்மானம். கிளாஸ் உதட்டில் படவே இல்லை, ஆனபடியால் அது குடித்ததாகாது என்று செயலாளர் விளக்கம் சொன்னவர். நான் சித்திரை ஐந்தாம் தேதி கொழும்பில் விமானம் ஏறுகிறேன்" என்று எழுதியிருக்கிறாள். அண்ணை, இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லி இவர் ஒரு மணி நேரமாகப் பின்னாலேயே திரிகிறார். கிழிக்கவும் எனக்கு மனம் வரவில்லை, இப்போதே அனுப்பவும் துணிவில்லை. ஆகவே மேசை லாச்சிக்குள் பூட்டி வைக்கிறேன். இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால், பிள்ளை பத்திரமாக வந்து இறங்கி, எங்கள் குசினியில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். இனி நீங்கள் ஏசலாம்.