ஃபிர்சே மாஸ்டரின் மூன்றாவது நாற்காலி

ஃபிர்சே மாஸ்டரிடம் ஒரே தடவையில் ‘சரி’ வாங்கிய உயிர் பிஜித் தீவுகளில் இதுவரை பிறக்கவில்லை. சபேட்டோ பள்ளத்தாக்கில் சூரியன் உதிப்பதைக்கூட அவர் ஒருநாள் ‘இது சரியில்லை, மறுபடி உதி’ என்று திருப்பி அனுப்பியிருப்பார். அதற்குள் பள்ளி மணி அடித்துவிட்டதால் சூரியன் தப்பித்தது.

‘ஃபிர் சே’ என்றால் எங்கள் ஊர் இந்தியில் ‘மறுபடியும் முதலிலிருந்து’ என்று பொருள். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் தலைமையாசிரியருக்கும் மட்டும் தெரியும். மனைவிக்கே சில சமயம் சந்தேகம். உயர்நிலைப் பள்ளியில் மேல் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தார். நான் அதே பள்ளியில் புவியியல் எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பள்ளிக்குக் குறுக்கு வழி என்று நினைத்துக் கரும்புத் தோட்டத்துக்குள் புகுந்து, வெளியே வரத் தெரியாமல், ஒரு மாட்டின் பின்னாலேயே நடந்து ஊர் வந்து சேர்ந்தவன் நான். என் புவியியல் ஞானம் அவ்வளவுதான். அன்றிலிருந்து மாஸ்டர் என்னை ‘ஜாகிரபி’ என்றே கூப்பிட்டார். அதில் மரியாதை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கொடுக்கும் வீட்டுப்பாடம் திங்கட்கிழமை சிவப்பு மையில் ‘ஃபிர் சே’ என்று திரும்பி வரும். விடை தப்பென்றால் ஃபிர் சே. விடை சரி, போன வழி பிடிக்கவில்லை என்றாலும் ஃபிர் சே. வழியும் சரியாக இருந்தால், இவ்வளவு சுலபமாக வந்ததே தப்பு, நிச்சயம் எவனையோ பார்த்து எழுதியிருக்கிறாய் என்று ஃபிர் சே. அறுவடைக் காலத்தில் கரும்பு வயலை எரிக்கும்போது எழும் கரி, ஜன்னல் வழியே பறந்து வந்து நோட்டில் உட்காரும். அதற்கு யார் பொறுப்பு? நோட்டின் சொந்தக்காரன்தான் பொறுப்பு. ஃபிர் சே.

பிள்ளைகளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்கு ஒருமுறை காய்ச்சல். தலைமையாசிரியருக்கு லீவு கடிதம் எழுதி மாஸ்டரிடம் கொடுத்தனுப்பினேன். அது என் வீட்டுக்கே திரும்பி வந்தது. அவரே கொண்டுவந்தார்.

“காய்ச்சல்னு எழுதுறே, எவ்ளோ காய்ச்சல்னு எழுதலியே ஜாகிரபி. படிக்கிறவன் எப்டி நம்புவான்?”

மூன்றாவது தடவை எழுதி முடித்தபோது காய்ச்சல் விட்டுப் போயிருந்தது. வேலைக்குப் போய்விட்டேன். இன்னொரு சமயம், பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை ஒரு கரும்பு விவசாயி பணிவாகக் கொண்டுவந்து நீட்டினார். மாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் தன் வழக்கமான வார்த்தையை எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பிரதி எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, பெண்ணுக்கு இது இரண்டாம் கல்யாணமோ என்று அங்கே ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

ஆனால் மாஸ்டரின் முழு மகிமையைப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்காலர்ஷிப் நேர்காணல் பருவத்தில் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியின் கடைசி வகுப்பு ஃபார்ம் செவன். அதை முடித்து, உதவித்தொகை கிடைத்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரி. இல்லாவிட்டால் வயலோ, நாடி விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலையோதான். நேர்காணல் குழுவில் மூன்று பேர் இருப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அதனால் வகுப்பில் மூன்று நாற்காலிகளைப் போட்டு மூன்றிலும் அவரே மாறி மாறி உட்காருவார்.

முதல் நாற்காலியில் கழுத்துப்பட்டை கட்டிய கல்வி அதிகாரி. இரண்டாவதில் மனைவியின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் பேசும் ஒரு சீமாட்டி. சிரித்தவன் ஃபெயில். மூன்றாவது நாற்காலிக்கு வேஷம் எதுவும் கிடையாது. கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு, வெறும் ஆளாக உட்காருவார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“படிச்சி முடிச்சிட்டு திரும்பி வருவியா?”

வருவேன் என்று சட்டென்று சொன்னால் ஃபிர் சே. ஒப்பிக்கிறாய் என்பார். யோசித்துச் சொன்னால் ஃபிர் சே. பொய்க்கு இடம் தேடுகிறாய் என்பார். நம்புகிற மாதிரி சொல்லும் வரைக்கும் விடமாட்டார். ஒருநாள் அவர் வருவதற்குள் நான் வேடிக்கைக்காக மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து அவர் குரலில் கேள்வி கேட்டுக் கொண்டிருந்தேன். வகுப்பு திடீரென்று அமைதியானது. திரும்பிப் பார்த்தால் வாசலில் மாஸ்டர். மாணவர்களோடு சேர்த்து என்னையும் வராந்தாவில் நிற்க வைத்தார். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள்.

அந்தக் கேள்வியில் அவருக்குச் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. அதை அவர் மறைத்ததும் இல்லை. தமக்குப் பிறகு அந்த வகுப்பை எடுக்க, அதே வகுப்பில் படித்த ஒரு பிள்ளை திரும்பி வர வேண்டும். கணக்குக்கு ஆள் இல்லையென்றால் ஃபார்ம் செவனையே மூடிவிடுவார்கள். டவுனுக்குப் போக பஸ் காசு இல்லாத பிள்ளைகள் அத்தோடு நின்றுவிடும். இதுதான் அவருடைய பயம்.

பிறகு எண்பத்தேழில் பட்டாளம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்தது, எங்கள் இந்திய வம்சாவளி மக்கள் நாட்டை விட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். எங்கள் வகுப்பறைக்கு மேலேதான் நாடியிலிருந்து விமானங்கள் ஏறும். சத்தத்தில் பாடம் கேட்காது. விமானம் கடந்து போகும்வரை மாஸ்டர் சாக்பீசை உயர்த்திப் பிடித்தபடி சிலை மாதிரி நிற்பார். முன்பெல்லாம் பிள்ளைகள் அது எந்த ஊருக்குப் போகிறது என்று பந்தயம் கட்டுவார்கள். அந்த வருஷத்துக்குப் பிறகு அதில் யார் போகிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். போன வாரம் வரைக்கும் பக்கத்து பெஞ்சில் இருந்த பிள்ளையின் பெயராக இருக்கும். மாஸ்டர் அண்ணாந்து பார்ப்பார். சாக்பீஸ் கையிலேயே நொறுங்கிப் பொடியாகும்.

ஸ்காலர்ஷிப் விதிகளும் மாறின. எங்கள் பிள்ளைகளுக்கு இடம் குறைந்தது, கேட்ட மார்க் ஏறியது. மாஸ்டர் பதிலுக்கு ஒத்திகைகளை ஏற்றினார். விம்லா என்று ஒரு பெண். அப்பாவுக்குக் குத்தகைக் கரும்பு வயல். அந்த வருஷம் தப்பிக்காமல் மாட்டிக்கொண்டது அவள்தான். மூன்றாவது நாற்காலி அவளைச் சும்மா விடவே இல்லை. கடைசியில் ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்து எழுந்து நின்றுவிட்டாள். எங்கள் ஊரில், வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த கடைசிப் பிள்ளைகளில் ஒருத்தி, அதனால் தமிழிலேயே சண்டை போட்டாள்.

“வரேன்னா வரேன் மாஸ்டர். உங்க க்ளாஸை நான்தான் எடுப்பேன். இந்த நாற்காலியில நான் குந்திகினு உங்களையே கேள்வி கேப்பேன், பாருங்க.”

மாஸ்டர், என் கண்ணாலேயே பார்த்தேன், தலையை ஆட்டினார். ஃபிர் சே சொல்லவில்லை. விம்லா ஸ்காலர்ஷிப் வாங்கிக் கடல் தாண்டி ஆக்லாந்து போனாள்.

போனவள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். அவளுக்கு முன்னால் போனவர்களும் பின்னால் போனவர்களும் அப்படித்தான். நேர்காணல் குழுக்கள் மாஸ்டரின் பிள்ளைகளை அப்படியே நம்பின. திரும்பி வருவேன் என்று அவ்வளவு அழகாகச் சொல்ல வேறு எந்தப் பள்ளியிலும் கற்றுத் தரவில்லை. விம்லா மட்டும் தவறாமல் ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்து, அடுத்த வருஷம் மாஸ்டர் என்பாள்.

அடுத்த கலவரத்தில், பாராளுமன்றத்தையே பிணையாகப் பிடித்துவைத்த இரண்டாயிரத்தில், என் மனைவி பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். எங்கள் வீட்டில் வீரம் எல்லாம் அவள் பக்கம். நான் ஆக்லாந்தில் குடியேற மனுப் போட்டேன். அதற்கும் ஒரு நேர்காணல் உண்டு என்றார்கள். மாஸ்டரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே ஆசிரியர் அறைக்கு வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மூன்று நாற்காலிகளும் தயாராக இருந்தன. அதிகாரி கேட்டார், சீமாட்டி கேட்டாள், சமாளித்தேன். மூன்றாவது நாற்காலி கேட்டது:

“அங்கேயே நிரந்தரமா இருந்துடுவியா?”

பழக்க தோஷம். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

“அட மடையா, அது ஸ்காலர்ஷிப்புக்கு. இது வேற பரீட்சை. வர மாட்டேன்னு சொல்லணும்.”

“சொல்ல வரலியே மாஸ்டர்.”

“வரும். ஃபிர் சே.”

வர மாட்டேன் என்று நம்பும்படியாக நான் சொல்லும் வரைக்கும் அன்று அவர் என்னை விடவில்லை. நான் பாஸ் செய்த ஒரே பரீட்சை அது. ஆக்லாந்தில் எனக்குப் புவியியல் வேலை கிடைக்கவில்லை, டாக்சி ஓட்டினேன். முதல் வாரம் ஊரெல்லாம் வழி தவறினேன். இந்தத் தடவை பின்னால் போக மாடுகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கோயிலில் விம்லாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி ஒரு தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் பெரிய யோக்கியன் போல் கண்டிக்கப் போகவில்லை. நான் ஏற்கெனவே அடுத்த தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

இதற்கிடையில் மாஸ்டருக்கு ஓய்வு நெருங்கியது. விம்லாவை நேரில் வந்து கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்துவிட்டார். விருந்தாளியாக வர என்னிடம் அழைப்புக் கடிதம் கேட்டார். அனுப்பினேன். திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மை. கடல் தாண்டி வந்த ஃபிர் சே. திருத்தி அனுப்பினேன்.

அவரை விசா அலுவலகத்தில் ஒரு இளம் பெண் அதிகாரி நேர்காணல் செய்தாள். எதற்குப் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டாளாம், திரும்பி வருவீர்களா என்று. ஆயுசு முழுக்க அவர் கேட்ட கேள்வி. பிஜித் தீவுகளிலேயே அதற்கு ஆமாம் என்று நூற்றுக்கு நூறு உண்மையாகச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். திங்கட்கிழமை அவருக்கு வகுப்பு இருந்தது.

விசா கிடைக்கவில்லை. போனில் அவர் குரலில் வருத்தம் தெரியவில்லை, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

“ஒப்பிக்கிற மாதிரி இருக்குதுன்னுட்டா ஜாகிரபி. சரியாத்தான் சொல்றா. எத்தினி வருசமா சொல்லிக் குடுத்துக் குடுத்து வாய்க்கு அதே தாளம் வந்துடுச்சி. நானா இருந்தாலும் ஃபெயில் பண்ணியிருப்பேன். நல்லா கேள்வி கேக்குது அந்தப் பொண்ணு. கணக்கு தெரியுமான்னு நான் அவளைக் கேட்டிருக்கணும்.”

விம்லாவிடம் போய்ச் சொன்னேன். காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பையில் போட்டதையெல்லாம் எடுத்துத் திரும்பவும் கூடையிலேயே வைத்தாள். நான் பார்த்த மட்டில் ஒரு தக்காளியிலும் குறை இல்லை.

“நான் சொன்னது அப்போ நெஜந்தான் சார்” என்றாள்.

தெரியும்மா என்றேன்.

மாஸ்டர் ஓய்வு பெற்ற பிறகு கணக்குக்கு ஆள் கிடைக்கவில்லை. ஃபார்ம் செவனை மூடி, இருந்த பிள்ளைகளை டவுன் பள்ளிக்கு அனுப்பினார்கள். பஸ்ஸுக்கு வழியில்லாத சிலர் எங்கும் போகவில்லை. பள்ளியில் பிரிவுபசாரமாக என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அந்த மூன்று நாற்காலிகளைக் கேட்டு வாங்கிப் போனாராம்.

நான் விடுமுறைக்குப் போனபோது அவை அவர் வீட்டு வாசலில் மாமரத்தடியில் கிடந்தன. இரண்டில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவதில் மாஸ்டர். இளைத்திருந்தார். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஆக்லாந்து பிஸ்கட் டின்னோடு, மிளகாய்க்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வழி தவறாமல் வந்துவிட்டாயே என்றார். தேங்காய் ஓட்டில் எங்கள் ஊர் வேர்ப்பானமான நங்கோனா ஊற்றிக் கொடுத்தார். பழைய பிள்ளைகள் ஒவ்வொருவரையும் விசாரித்தார். யார் டாக்டர், யார் எஞ்சினியர் என்று நான் சொல்லச் சொல்ல, தன் கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில் தலையை ஆட்டிக்கொண்டார். விம்லாவைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மேலே ஒரு விமானம் ஏறியது. இருவரும் பேச்சை நிறுத்தினோம். பழக்கத்தில் அவர் கை தானாக உயர்ந்து, சாக்பீஸ் இல்லாமல், காற்றில் நின்றது. சத்தம் அடங்கியதும் கையை இறக்கினார். நான் கிளம்ப எழுந்தேன்.

“ஜாகிரபி, திரும்பி வருவியா?”

நான் அவசரப்படவில்லை. யோசிக்கிற மாதிரியும் நிற்கவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த அதே இடைவெளி விட்டு, அவர் முகத்தைப் பார்த்து, வரேன் மாஸ்டர் என்றேன்.

அவர் முகமெல்லாம் மலர்ந்தது.

“இப்பதான் சரியா சொன்னே. இனிமே எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது.”

அவர் ஒரே தடவையில் எனக்குக் கொடுத்த ‘சரி’ அது ஒன்றுதான். அடுத்த அறுவடைக்கு முன்னால் அவர் போய்விட்டார். செய்தி கேட்டு விம்லாவும் நானும் ஒரே விமானத்தில் நாடியில் போய் இறங்கினோம், காரியம் முடிந்த பிறகு.

இப்போதும் காலையில் டாக்சியை எடுப்பதற்கு முன், முன்கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து ‘வரேன்’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்க்கிறேன். எனக்கே நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. ஃபிர் சே என்று சொல்லத்தான் ஆள் இல்லை.